எண்ணத் தொடங்கும் நாள்

அம்மாவின் தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். வருடா வருடம் ஜவுளிக்கடையில் கொடுப்பது. காலையில் பல் தேய்த்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பது அம்மாவின் வேலை, வீட்டில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கிழித்த தாளின் முதுகில் ப்ளவுஸ் அளவு, பால் கணக்கு, மளிகைச் சாமான் என்று எதையாவது எழுதித் தீர்த்த பிறகுதான் அது குப்பைக்குப் போகும். 2022 ஜனவரி 6ஆம் தேதித் தாளின் மூலையில் சிவப்புப் பேனாவால் 1 என்று எழுதினாள். மறுநாள் 2. காசநோய் மாத்திரைக்கு மொத்தம் 168 நாள், முதலில் 56, அப்புறம் 112 என்று சுகாதார நிலையத்துப் பெண் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்து ஜூன் 22ஆம் தேதியில் ஒரு வட்டம் போட்டாள். முப்பது வருடம் தையல் டீச்சராக இருந்தவள். எத்தனை அங்குலம், எத்தனை மடிப்பு என்று தெரிந்துவிட்டால் எந்தத் துணியும் அவளுக்குப் பயமில்லை.

நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறவள். எண்ணோடு புழங்குகிற இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தும் அடுத்த ஒன்றரை வருடம் ஒரே ஒரு எண்ணில் தடுக்கி விழுந்தோம். அதைவிட, அந்த எண்ணை நான் அம்மாவிடம் ஆறு மாதம் மறைத்து வைத்தேன். அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குள் முடிவாகவில்லை.

113

இருமல் 2020 கடைசியிலேயே தொடங்கிவிட்டது. அது எந்தக் காலம் என்று சொல்லத் தேவையில்லை. இருமினாலே எல்லோரும் நான்கடி தள்ளி நின்ற காலம். கொரோனா டெஸ்ட் இரண்டு முறை நெகட்டிவ். தெருமுனை க்ளினிக்கில் அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மூன்று நாள் கோர்ஸ் கொடுத்தார்கள். குறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி அதே மூன்று மாத்திரை. 2021 முடிவதற்குள் அப்படி ஐந்தாறு அட்டை காலி. எடை 47 கிலோவிலிருந்து 41க்கு இறங்கியது. ஒரு நாள் சளியில் இழை இழையாக ரத்தம். தனியார் மருத்துவமனை ஒன்றில் சளி எடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ஸ்மியர் பாசிட்டிவ், டிபி என்றார்கள். அதே சளியை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் மெஷினிலும் போட்டிருந்தார்கள். அதில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்திருந்தது. நான் காட்டிக் கேட்டதற்கு, "மெஷின் சில சமயம் தப்பும்மா" என்று பதில் வந்தது.

தப்பும்தான். ஆனால் எப்போது தப்பும் என்பதைப் பிறகுதான் படித்தேன். கிருமி மிகக் குறைவாக இருக்கும் சளியில் அந்த மெஷின் தவறவிடலாம். மைக்ராஸ்கோப்பில் வைத்தாலே தெரியும் அளவுக்குக் கிருமி இருக்கிற காசநோய்ச் சளியில், நூற்றில் 98ஐ அது பிடித்துவிடும். ஸ்மியரில் நிறைய, மெஷினில் ஒன்றுமே இல்லை என்றால் முதலில் வர வேண்டிய சந்தேகம், இது காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமி ஏதாவதாக இருக்குமோ என்பதுதான். மைக்ராஸ்கோப்புக்குக் குடும்பம் மட்டும்தான் தெரியும், ஆளைத் தெரியாது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்கள் 190 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. மண்ணிலும் தண்ணீரிலும் குழாயின் உட்புற வழுவழுப்பிலும் பேசாமல் குடித்தனம் நடத்துகிறவை. எல்லாமே அதே மெழுகுச் சுவர் உடம்பு, சாயம் போட்டால் அதே சிவப்புக் குச்சி.

இரண்டு மாதம் முடிந்து மார்ச்சில் மறுபடி ஸ்மியர் பாசிட்டிவ் வந்ததும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி, காலண்டரில் 113, ரிப்போர்ட் வந்தது. கிருமி வளர்ந்திருக்கிறது, ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. என்டிஎம். காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா. இல்லாததை வைத்துப் பெயர் சூட்டப்பட்ட ஒரு நோயை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ இந்த 113?" என்பது. அதற்குச் சென்னையில் நாங்கள் பார்க்கப் போன நுரையீரல் டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அம்மா சாப்பிட்ட கூட்டு மாத்திரையில் நான்கு மருந்து உண்டு. ரிஃபாம்பிசினும் எத்தாம்புட்டாலும் இந்தக் கிருமியையும் ஓரளவு தொடும். ஐசோநியசிட் பெயருக்குத்தான். பைரசினமைடு இதை ஒன்றுமே செய்யாது. அதனால்தான் இடையில் கொஞ்சம் தெளிவானது போல இருந்திருக்கிறது, இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் சளி சுத்தமாகவில்லை. நான்கு பேர் தூக்க வேண்டிய பீரோவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, மற்ற இருவர் பக்கத்தில் நடந்து வந்த கதை. "வீண் இல்லை டீச்சர், ஆனா கணக்குல வராது" என்றார். ஜூன் 22இல் போட்ட வட்டத்தை அம்மா அன்று இரவு பேனாவால் அடித்தாள்.

ஒரு நல்லதும் நடந்தது. காசநோய் என்று சொன்ன நாளிலிருந்து அம்மா தனக்கென்று தட்டு, டம்ளர் ஒதுக்கி வைத்துக்கொண்டு, என் மகனைப் பக்கத்தில் விடாமல் இருந்தாள். இந்தக் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்குப் பொதுவாகத் தொற்றாது, தண்ணீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் வருவதுதான் என்று டாக்டர் சொன்னதும் பையன் மறுபடி மடியில் ஏறினான். தட்டை மட்டும் அம்மா மாற்றவில்லை. பழகிவிட்டதாம்.

இரண்டு கையிலும் ஊசி

"மண்ணிலிருந்து வருதுன்னா எந்த மண்ணு?" என்று ரயிலில் திரும்பும்போது அம்மா கேட்டாள். சும்மா கேட்டதுதான். ஆனால் அம்மா பிறந்தது 1960இல், திருவள்ளூருக்குப் பக்கத்துக் கிராமத்தில். அந்த மண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறே இருக்கிறது.

அம்மாவுக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும்போது ஜீப்பில் ஆட்கள் வந்து ஊரையே வரிசையில் நிறுத்தினார்களாம். இரண்டு கையிலும் ஊசி, மூன்று நாள் கழித்து வந்து ஸ்கேல் வைத்துத் தடிப்பை அளந்தது, அப்புறம் இன்னொரு ஊசி. "அளக்கும்போது கூசும், நான் சிரிச்சிட்டேன், அந்த ஆளு திட்டினாரு" என்று அம்மா அதை ஏதோ பொருட்காட்சி பார்த்த மாதிரி சொல்வாள். அது காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைச் சோதிக்க 1968இல் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு. உலகத்தின் மிகப் பெரிய பிசிஜி சோதனைகளில் ஒன்று. ஏறத்தாழ 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள், அதில் ஒரு பகுதியினருக்குப் போட்டது மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979இல் முதல் முடிவு வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை. ஏன் என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் முக்கியமான ஒன்று, அந்த வட்டார மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் இந்தச் சொந்தக்காரக் கிருமிகள். சின்ன வயதிலிருந்தே உடம்பு அவற்றோடு பழகிவிட்டதால் தடுப்பூசி புதிதாகச் சொல்லிக்கொடுக்க அதிகம் மிச்சமில்லை என்பது அந்த வாதம்.

அந்த இரண்டு கை விஷயத்தைத் தேடிப் போனபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வில் இரண்டு வகைத் தோல் பரிசோதனை செய்திருக்கிறார்கள். ஒன்று காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதம். மற்றது பேட்டி என்ற கிருமியிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பேட்டி என்ற பெயரில் இருந்த காசநோய் மருத்துவமனையின் நோயாளிகளிடம் காணப்பட்டதால் அந்தப் பெயர். இன்று அதை மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலாரே என்கிறோம். அம்மாவின் இரண்டாவது சளி மாதிரியிலும் கிருமி வளர்ந்து, இனம் பிரித்துப் பார்த்து ஜூனில் வந்த ரிப்போர்ட்டில் இருந்த பெயரும் அதேதான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கையில் தடிப்பு வருகிறதா என்று அளந்து பார்த்த கிருமி. அம்மாவின் நோய் அந்த வயதில் வாங்கியது என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. முகவரி ஒத்துப்போனதைப் பார்த்ததும் எனக்கு முதுகு சில்லிட்டது, அவ்வளவுதான்.

அம்மா போன்றவர்களுக்கு இது ஏன் வருகிறது என்பதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒல்லியான, வயதான, புகை பழக்கமே இல்லாத பெண்கள், நுரையீரலின் நடு மடலில் மூச்சுக்குழாய் விரிந்து சுற்றிலும் சின்னச் சின்ன முடிச்சுகள். இது உலகம் முழுக்கக் காணப்படும் ஒரு சாயல். 1992இல் இரண்டு அமெரிக்க டாக்டர்கள், மரியாதைக்காக இருமலை அடக்கியே பழகியதால் சளி அங்கே தேங்கிவிடுகிறதோ என்று யோசித்து, ஒரு ஆங்கில நாடகத்துச் சீமாட்டியின் பெயரை இதற்கு வைத்தார்கள். நிரூபணமான விஷயம் இல்லை. ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் புடவைத் தலைப்பை வாயில் வைத்து விழுங்கியே முப்பது வருடம் ஓட்டிய அம்மாவிடம், சளியைக் காறித் துப்பச் சொல்லி டப்பா கொடுத்தால் வெறும் எச்சில்தான் வரும். பிசியோதெரபி பெண் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயைத் திறந்து "ஹா" என்று அடிவயிற்றிலிருந்து தள்ளுவது. அம்மா பீரோ கண்ணாடி முன்னால் நின்று தினம் காலையில் பத்து தடவை ஹா சொல்வாள். கண்ணாடியில் வட்டமாகப் பனி படியும், அதைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி ஹா.

திங்கள், புதன், வெள்ளி

கிருமி இருக்கிறது என்பதற்காகவே மருந்தைத் தொடங்கிவிட மாட்டார்கள். தனித்தனியாகக் கொடுத்த இரண்டு சளியில் அதே கிருமி வளர வேண்டும், சிடி ஸ்கேனில் அதற்குரிய மாற்றம் இருக்க வேண்டும், ஆளுக்கு உபாதை இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நோய். சேர்ந்த பிறகும் சிலருக்குச் சும்மா கண்காணித்தால் போதும். இதையெல்லாம் சொல்லிவிட்டு டாக்டர், அம்மாவுக்கு ஸ்மியரே பாசிட்டிவ், எடையும் இறங்கிக்கொண்டிருக்கிறது, தள்ளிப் போட வேண்டாம் என்றார். பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஆறு பேர் அளவுக்குத்தான் முழுசாகத் தேறுகிறார்கள் என்பதையும் ஒளிக்கவில்லை. தேறியவர்களிலும் சிலருக்குத் திரும்பி வரும், பல நேரம் பழைய கிருமி திரும்புவதில்லை, தண்ணீரிலிருந்து புதுசாக இன்னொன்று ஏறிக்கொள்ளும்.

எனக்கு அன்று மிகப் பெரிய பயம் அந்த ஐந்தாறு அட்டை அஸித்ரோமைசின். ஏனென்றால் இந்த நோய்க்கு முதுகெலும்பே அந்த மருந்துதான். 1990களில் இந்த வகை மருந்துகள் வருவதற்கு முன்னால் நான்கைந்து காசநோய் மருந்துகளைக் குவித்துக் கொடுத்தும், நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தும் திண்டாடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மருந்தைத் துணையில்லாமல் தனியாகக் கொடுத்தால் கிருமி அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிடும். ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும் அதன் மரபணுவில். கற்றுக்கொண்டுவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும், தேறும் வாய்ப்பு சரசரவென்று இறங்கும். இருமலுக்கெல்லாம் அதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்த க்ளினிக்கை நினைத்து ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. ரிப்போர்ட்டில் க்ளாரித்ரோமைசின் கேட்கும் என்று வந்திருந்தது. அது கேட்டால் அஸித்ரோமைசினும் கேட்கும், இரண்டும் ஒரே ஜாதி. நான் அந்தத் தாளைப் பூஜை அலமாரியில் வைத்தேன். சிரிக்காதீர்கள்.

ஜூலை 4, திங்கட்கிழமை. அஸித்ரோமைசின் 500, ரிஃபாம்பிசின் 600, எத்தாம்புட்டால் 800இல் ஒன்றும் 200இல் ஒன்றும். திங்கள், புதன், வெள்ளி. நுரையீரலில் குழி விழுந்திருந்தால் தினமும் சாப்பிட்டிருக்க வேண்டும், கூடவே முதல் இரண்டு மூன்று மாதம் அமிக்காசின் ஊசியும். அந்த ஊசி காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக் கூடியது. அம்மாவுக்குக் குழி இல்லை, தப்பித்தாள். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, அதே அமிக்காசினைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து மூச்சில் இழுக்கும் மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். பழைய மருந்துகளோடு அதையும் சேர்த்தபோது ஆறாவது மாதத்துக்குள் 29 சதவீதம் பேருக்குச் சளி சுத்தமானது, சேர்க்காதவர்களில் 9 சதவீதம். 29ஐப் பெரிய வெற்றி என்று எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் இது எப்பேர்ப்பட்ட பிடிவாதக் கிருமி என்று உறைத்தது.

மாத்திரை வாங்குவதே தனிக்கூத்து. காசநோய் மாத்திரைகள் இலவசமாக வீடு தேடி வந்தன, மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறியது. காசநோய் இல்லை என்றதும் எல்லாம் நின்றது, அது நியாயம்தான், திட்டம் காசநோய்க்கானது. ஆனால் ரிஃபாம்பிசினும் எத்தாம்புட்டாலும் மருந்துக்கடையில் பெயர், முகவரி எழுதி வைத்துத்தான் விற்க வேண்டிய மருந்துகள். கடைக்காரர் ஒழுங்காக எழுதி, ஒழுங்காக மேலே தெரிவித்துவிட்டார். மறுவாரம் போன்.

"மேடம், அம்மா டிபி மாத்திரை சாப்பிடுறாங்களா?"

"சாப்பிடுறாங்க சார், ஆனா டிபி இல்லை."

"டிபி இல்லைன்னா எதுக்கு மேடம் டிபி மாத்திரை?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதம் வேறொருவர் போன் செய்தார். அவருக்கும் விளக்கினேன். மூன்றாவது மாதம் அம்மாவே போனை எடுத்து, "டிபி இல்லைங்க, அதோட சித்தப்பா பையன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு ஆவது பழகிய விஷயம். அது மற்ற மருந்துகளை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடும்படி செய்யும் என்பதால் சர்க்கரை ஏறியது, சர்க்கரை மாத்திரையைக் கூட்டினார்கள். நடுங்க வைத்தது எத்தாம்புட்டால். அது கண் நரம்பைப் பாதிக்கலாம், முதலில் சிவப்பும் பச்சையும் குழம்பும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் அம்மா அரக்கு ப்ளவுஸுக்குக் கை ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஊசியில் இருந்தது கரும்பச்சை நூல். நான் ஒன்றும் சொல்லாமல் நூல் பெட்டியைத் திறந்து, "அம்மா, அரக்கு எடுத்துக் கொடு" என்றேன். கை இரண்டு கண்டுகளுக்கு நடுவே தயங்கியது. அந்த ஒரு நொடி மாதிரி இன்னொரு நொடி எனக்கு வேண்டாம்.

இரவு ஒன்பது மணிக்கு டாக்டருக்குப் போன் செய்தேன். எத்தாம்புட்டாலை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கண் பார்க்கும் வரை மூன்றையும் நிறுத்து என்றார். அஸித்ரோமைசினுக்கு எதிராகக் கிருமி கற்றுக்கொள்ளாமல் காவல் காப்பதில் எத்தாம்புட்டாலுக்குத்தான் பெரிய பங்கு, காவல்காரனை அனுப்பிவிட்டுக் கடையைத் திறந்து வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். நான்கு நாள் கழித்துக் கண் டாக்டர், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைப் புரட்டினார். அம்மா ஒவ்வொரு எண்ணையும் கடகடவென்று படித்தாள். நரம்பில் ஒன்றுமில்லை, கண்புரை தொடங்கியிருக்கிறது, கூடவே எங்கள் வீட்டு ட்யூப்லைட் வெளிச்சம் மோசம். ட்யூப்லைட்டை அன்றே மாற்றினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று அம்மா நூல் பெட்டியைக் கொட்டித் தானே பரீட்சை வைத்துக்கொள்வாள். நான் கேட்க, அவள் எடுக்க.

செப்டம்பர் 14

இனி நான் மறைத்த எண். ஜூலையில் மருந்து எழுதிக் கொடுத்த அன்று அம்மா சளி கொடுக்க வெளியே போயிருந்தாள். எவ்வளவு நாள் என்று கேட்டேன். டாக்டர், "சளி சுத்தமான நாளிலிருந்து குறைஞ்சது ஒரு வருஷம்" என்றார். சளி எப்போது சுத்தமாகும் என்றேன். "அதைக் கிருமிதான் சொல்லணும்." காசநோய்க்கு முதல் மாத்திரை விழுங்கிய நாள்தான் முதல் நாள். இதற்கு அப்படி இல்லை. மாதா மாதம் சளி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு மாதிரியையும் 42 நாள் வைத்துப் பார்த்த பிறகே நெகட்டிவ் என்பார்கள், தொடர்ந்து மூன்று நெகட்டிவ் வந்தால்தான் முதல் நெகட்டிவை ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டதும் எண்ணிக்கை பின்னால் போய் அந்த முதல் மாதிரி கொடுத்த நாளில் தொடங்கும். சளியில் இல்லை என்றால் நுரையீரலில் இல்லை என்று அர்த்தமில்லை, மெதுவாக வளர்கிற கிருமி, மூச்சுக்குழாய்ச் சளியிலும் நம்முடைய சொந்த அணுக்களுக்குள்ளேயும் பதுங்கிக் கிடக்கும், அதற்குத்தான் அந்த ஒரு வருடம்.

அம்மா உள்ளே வந்தாள். படியிறங்கும்போது "எவ்ளோ நாளாம்?" என்று கேட்டாள். அவள் முகத்தில் கணக்கில் வராமல் போன அந்த 113 தெரிந்தது. "போன தடவை மாதிரிதான், ஆறு மாசம் போல" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. அம்மா அன்றே ஜனவரி 4ஐ மனதில் குறித்துக்கொண்டாள். புதுக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக அதில் வட்டம் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் சளி பாசிட்டிவ். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் நெகட்டிவ். 2023 ஜனவரி 4, அதே வட்டம் போட்ட நாளில், டாக்டர் மூன்று ரிப்போர்ட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்: "டீச்சர், உங்க முதல் நாள் செப்டம்பர் 14. கிட்டத்தட்ட நாலு மாசம் ஆயிடுச்சு. இன்னும் எட்டு மாசம்." அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

திருவள்ளூர் லோக்கலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆவடி தாண்டும் வரை பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்.

"ஜூலையிலேயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கிளாஸ்ல பிள்ளைங்க கேக்கும், டீச்சர் இன்னும் எத்தனை தையல்னு. நூறுன்னு சொன்னா எண்ணிக்கிட்டே போடும், தையல் கோணும். ஓரம் வர்ற வரைக்கும் போடுன்னு சொல்வேன்" என்றாள். அப்புறம், "ஆனா ஓரம் எங்க இருக்குன்னு காட்டிட்டுத்தான் சொல்வேன்டி" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை, இன்று வரைக்கும்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறேன். எண்ணைச் சொல்லியிருந்தால் அந்த முதல் இரண்டு மாதம், குமட்டலும் வாய்க் கசப்பும் சர்க்கரை ஏற்றமுமாக இருந்தபோது, தாங்கியிருப்பாளா? தாங்கியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. பாதியில் விடுகிறவர்கள் நிறைய என்று படித்திருந்தேன், அந்தப் பயம். ஆனால் நான் கொடுத்த ஆறு மாதமும் ஒரு பொய் ஓரம்தானே. ஜனவரி 4 வரை அவள் ஓடியது ஒரு பந்தயம், அது அங்கே முடியவில்லை என்று அவளுக்குச் சொன்னது வேறொருவர். டாக்டர்களுக்கும் எனக்குத் தெரிந்த வரையில் ஒன்று சொல்ல வேண்டும்: இந்தக் கணக்கை நோயாளியிடம் நேராகச் சொல்லுங்கள், ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். வெளியே சளி கொடுக்கப் போயிருக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். எங்களுக்குத் தைரியம் குறைவு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், 2022 செப்டம்பர் 14ஆம் தேதித் தாளைத் தேடியது. தையல் மெஷின் டிராயர், பழைய டைரி, பீரோவின் அடித்தட்டு. கிடைக்கவில்லை, எப்படிக் கிடைக்கும், அது எந்தப் பால் கணக்கோடு குப்பைக்குப் போனதோ. அன்று என்ன நடந்தது என்று இருவரும் யோசித்தோம். புதன்கிழமை, மாத்திரை நாள், சளி டப்பா கொடுத்த நாள். பையனுக்குப் பள்ளிக்கூடம் இருந்திருக்கும். எனக்கு ஆடிட் சீசன். அதைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "நல்ல நாளு, தெரியாம போச்சு" என்றாள் அம்மா.

2023 செப்டம்பர் 14 வியாழக்கிழமை, மாத்திரை இல்லாத நாள். அம்மா வெள்ளிக்கிழமையும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் நிறுத்தினாள், வாரத்தைப் பாதியில் விடக் கூடாதாம். எடை 45. ஹா இன்னும் நடக்கிறது, கண்ணாடியில் வட்டம் விழுகிறது. தொட்டிச் செடிகளுக்கு மண் கிளறும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளி டப்பா போகிறது.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கிறது. சளி கொடுத்த நாளின் காலண்டர் தாளை அம்மா இப்போது எழுதித் தீர்ப்பதில்லை. நான்காக மடித்து நூல் பெட்டியில், அரக்குக்கும் கரும்பச்சைக்கும் நடுவில் வைத்துவிடுகிறாள். 42 நாள் கழித்து ரிசல்ட் வந்ததும் எடுத்து சிவப்புப் பேனாவால் ஒரு டிக். 2023 ஜனவரிக்கு அப்புறம் சேர்ந்த தாள்கள் 11 இருக்கின்றன. பத்தில் டிக் இருக்கிறது.